வீட்டு எர்த்திங் சரியில்லை

பழிவாங்க வேண்டும் என்று நினைத்துத்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். நான்கு பேருக்கு நல்லது நடக்கட்டும் என்று செய்ததாகப் பிறகு பலர் என்னைப் பாராட்டினார்கள். நானும் மறுக்காமல் கேட்டுக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஒரு மனிதர் போனில் என்னிடம் சொன்ன சில வார்த்தைகளுக்காக, அவர் என் வீட்டுக்கு வந்து, என் முன்னால் நின்று, வாய் பேச முடியாமல் விழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மற்றதெல்லாம் அந்த ஆசையோடு ஒட்டிக்கொண்டு வந்தவை.

நான் ஓசூர் சிப்காட்டில் மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கடைசிச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அருப்புக்கோட்டைப் பக்கத்தில் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்துவிட்டு இங்கே வந்தவள். வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. மோட்டாரின் உடம்புக்கு மின்சாரம் கசிகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. நான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டாமல் ஒரு மோட்டாரும் வெளியே போகாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது புரிய வேண்டும் என்றால் இது தெரிந்திருக்க வேண்டும்.

வாஷிங் மெஷினை ஆயுத பூஜை சமயத்தில் வாங்கினோம். என் லைனில் கூட வேலை பார்க்கும் மத்திகிரிக்காரத் தோழியும் நானும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாடலை எடுத்தோம். இரண்டும் ஒரே வண்டியில் வந்து இறங்கின. நான்கு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை.

அன்று சனிக்கிழமை. முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கணவர் இரண்டாவது ஷிப்டுக்குப் போயிருந்தார். பிளஸ் ஒன் படிக்கும் மகள், பின்பக்கத்துச் சலவை இடத்தில் யூனிபார்மை மெஷினிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. பக்கெட் உருண்ட ஓசை மட்டும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் குழாய்க்கும் மெஷினுக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். தாடை பிளந்து ரத்தம் கழுத்து வரை வழிந்திருந்தது. மெயினை அணைத்துவிட்டுத்தான் அவளைத் தொட்டேன். அந்தப் புத்தி வந்ததற்கு என் வேலைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

"மெஷின் என்னையப் பிடிச்சிருச்சும்மா" என்றாள். "விடவே இல்ல."

ஒரு கையால் குழாயைத் திறந்துகொண்டே மறு கையை மெஷின்மேல் வைத்திருக்கிறாள். தாடையில் நான்கு தையல். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் அவள் செய்த முதல் காரியம், செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் நடந்ததுதான். அதற்குப் பிறகு பிரிட்ஜைத் துணி சுற்றித் திறந்தாள். சுவிட்ச் போட ஸ்கேலைப் பயன்படுத்தினாள். பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கப் பயந்து, உட்கார இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்காக நின்றாள். ஊசி போட்டால்கூட அழாத பெண் அவள்.

மறுநாள் காலையில் மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மீட்டரை எடுத்துச் சோதித்தேன். பிளக்கில் மூன்று முனை இருக்கும், பெரியது எர்த்துக்கு. மெஷினின் தகர உடம்பில் மின்சாரம் ஏறினால், மனிதனைத் தாக்காமல் அது அந்தப் பெரிய முனை வழியாகத்தான் மண்ணுக்குப் போக வேண்டும். மீட்டரின் ஒரு முள்ளைப் பெரிய முனையிலும் மற்றதை மெஷினின் உடம்பிலும் வைத்தால் 'பீப்' என்று கத்த வேண்டும். கத்தவில்லை. நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தேன், நான்கிலும் மௌனம். மெஷினுக்குள்ளேயே அந்த ஒயர் உடம்போடு சேரவில்லை என்று அர்த்தம். வீட்டில் தங்கத்தால் எர்த் போட்டிருந்தாலும் அந்த மெஷினுக்கு அது போய்ச் சேராது.

புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். ஓசூர் என்றதும் சேலம் கிளைக்கு மாற்றினார்கள். சேலத்தில், உங்களுக்குப் பெங்களூர்தான் பக்கம், ஆள் அங்கிருந்துதான் வருவார் என்றார்கள். பெங்களூரில் கேட்டால், நீங்கள் வேறு மாநிலம், எங்கள் கணினியில் உங்கள் பின்கோடு வரவில்லை என்றார்கள். மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டித் தினமும் ஆயிரம் பேர் வேலைக்குப் போய் வருகிறார்கள். ஒரு புகாரால் மட்டும் தாண்ட முடியவில்லை. ஒன்பது நாள் இப்படிப் போனது.

பத்தாம் நாள் ஒரு மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தளிக்காரர். வீட்டில் கன்னடம் பேசுபவர் என்பது அவர் தமிழிலேயே தெரிந்தது. பொறுமையாகப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். உள்ளே, எர்த் ஒயரை உடம்போடு பிணைக்கும் திருகு, பெயின்ட்மேலேயே முறுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு வெறும் இரும்பில் பதித்திருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி, மோட்டாருக்குப் போகும் ஒயர் ஒரு தகட்டு விளிம்பில் உரசி உரசித் தோல் உரிந்து, செம்பு தெரிந்தது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போது அவருக்குப் போன் வந்தது. வாசலுக்குப் போய்க் கன்னடத்தில் பேசினார். பத்தொன்பது வருடத்தில் எனக்கும் கன்னடம் ஓரளவு வரும். ஆமாம் சார், சரி சார், அப்படியே போட்டுவிடுகிறேன் சார் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளே வந்து ஒயரைச் சுற்றி டேப் ஒட்டினார், தகட்டை மூடினார், கைப்போனில் ஏதோ தட்டினார். உங்கள் போனுக்கு ஓடிபி எண் ஒன்று வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. அது என் தப்பு. அவர் செருப்பு மாட்டும்போதே எனக்குக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. 'வீட்டு எர்த்திங் சரியில்லை. மெஷினில் குறை இல்லை. உங்கள் புகார் உங்கள் திருப்திப்படி முடிக்கப்பட்டது.'

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கேட்டருகில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மேடம், அந்த மெஷின போடாதீங்க."

வீட்டு ஓனர் மாடியில் இருக்கிறார். தெலுங்குக்காரர், முன்பு கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ மண்டி வைத்திருந்தவர். குறுஞ்செய்தியைப் படித்துக் காட்டியதும் கோபம் என் பக்கம் திரும்பியது. "என் ஊட்டு கரண்டுல குத்தம்னு யாரு சொன்னது? ஆளு நிக்கிற ஆழத்துக்குக் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த்து போட்டிருக்கேன்மா. புடிக்கலன்னா வேற ஊடு பாத்துக்கங்க" என்றார். நான் தொழிற்சாலையில் அனுமதி கேட்டு எர்த் அளக்கும் கருவியை வாங்கி வந்து, அவர் கண் முன்னால் அளந்து காட்டினேன். அளவு அருமையாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் என் பக்கம் சேர்ந்தார்.

கடைக்காரரிடம் பேசி எங்கள் மண்டலத்தின் சர்வீஸ் மேனேஜர் எண்ணை வாங்கினேன். மதிய உணவு இடைவேளையில் கேன்டீனுக்கு வெளியே நின்று பேசினேன். அவர் குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது. முழுதாகக் கேட்டார். பெரிய முனை, பெயின்ட், தோல் உரிந்த ஒயர் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் சிரித்தார்.

"ஈரக்கையோட தொட்டா எந்த மெஷினா இருந்தாலும் லேசா அடிக்கத்தான் மேடம் செய்யும். பொண்ணு கொஞ்சம் பயந்த சுபாவமோ? டெக்னிக்கலா சொன்னா உங்களுக்குப் புரியாது. வீட்ல ஜென்ஸ் யாராச்சும் இருந்தா பேசச் சொல்லுங்களேன்."

நான் மோட்டார் சோதிக்கிறவள் என்றேன். "ஓ, கம்பெனில வேல பாக்குறீங்களா, வெரி குட் மேடம்" என்று பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று மதியம் சோதனைக்கு வந்த மோட்டார்களில் இரண்டைத் திருப்பி அனுப்பினேன். இரண்டிலும் உண்மையாகவே குறை இருந்தது. ஆனால் காரணம் எழுதும்போது பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. தோழி வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கி வைத்தாள்.

வீட்டில் சொன்னபோது கணவர், நான் பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசினார். அவரிடம் அந்த மேனேஜர் அண்ணே அண்ணே என்று உருகியிருக்கிறார். ஒரு வருடத்துக்கு இலவச சர்வீஸ் தருவதாகச் சொல்லியிருக்கிறார். போனை வைத்துவிட்டு என் கணவர் சொன்னார்: "நல்லாத்தான பேசுறாரு. நீ எடுத்ததும் சண்டைக்குப் போயிருப்ப." கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னைக் காயப்படுத்திய தருணங்கள் ரொம்பக் குறைவு. அது ஒன்று. அதற்கான வட்டியையும் மேனேஜர் கணக்கிலேயே சேர்த்தேன்.

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போ, கிருஷ்ணகிரியிலேயே இருக்கிறது என்று லைனில் பலரும் சொன்னார்கள். யோசித்தேன். கோர்ட்டில் கம்பெனிக்காக ஒரு வக்கீல் வந்து நிற்பார். அந்த வெண்ணெய்க் குரல் வராது. எனக்கு வேண்டியது அந்தக் குரல்தான். அவருக்கு மேலே யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு மேலே யார் என்று தேட ஆரம்பித்தேன்.

எங்கள் தொழிற்சாலைக்கு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அழுது எழுதிய கடிதத்தை யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால், இன்ன சீரியல் எண், இன்ன குறை, இப்படிச் சோதித்தோம், இதோ படம், இதே குறை உங்கள் மற்ற பொருட்களிலும் இருக்கலாம் என்று எழுதி வந்தால் மேலிருந்து கீழ்வரை ஒருவரும் சாப்பிடப் போக மாட்டார்கள். 'மற்ற பொருட்களிலும்' என்ற சொல்லுக்கு அவ்வளவு பயம். அதற்கு ஆதாரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மீட்டரை எடுத்துக்கொண்டு மத்திகிரிக்குப் போனேன். தோழியின் மெஷினின் சீரியல் எண் என்னுடையதற்கு ஏழு எண் தள்ளி இருந்தது. பெரிய முனையில் ஒரு முள், உடம்பில் ஒரு முள். மீட்டர் வாய் திறக்கவில்லை. அவள் தினமும் அந்த மெஷினுக்குப் பக்கத்திலேயே தன் இரண்டு வயதுப் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் அங்கே யாருக்கும் எதுவும் ஆகாதது அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை. அவள் முகம் வெளிறியதைப் பார்த்து எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது; ஆனால் அதற்கு ஒரு விநாடி முன்னால், மேனேஜர் மாட்டிக்கொண்டார் என்று ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். என் ஆங்கிலத்தை மகள் திருத்தினாள். விழுந்ததைப் பற்றி எழுதிய பகுதி வந்தபோது, "இது ரொம்ப இருக்கும்மா, ஒரு வரி போதும்" என்று அவளே வெட்டினாள். எங்கள் தொழிற்சாலையில் புகாருக்குப் பயன்படுத்தும் அதே படிவத்தில் போட்டேன். என்ன குறை, எங்கே, எப்படிக் கண்டுபிடித்தோம், யார் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள். 'யார் பார்த்தார்கள்' என்ற கட்டத்தில் மெக்கானிக்கின் அடையாள எண்ணைப் போட்டேன். 'என்ன சொன்னார்கள்' என்ற கட்டத்தில் மேனேஜர் என்னிடம் பேசியதை வார்த்தை மாறாமல் போட்டு, வெரி குட் மேடத்தையும் விடாமல் சேர்த்து, கட்டத்தைச் சுற்றித் தடித்த கோடு போட்டேன்.

கம்பெனியின் இணையதளத்தில் இயக்குநர்கள் படத்தோடு வரிசையாக இருந்தார்கள். அவர்களுடைய மின்னஞ்சல் முகவரி எப்படி அமைந்திருக்கும் என்பதை அவர்கள் வெளியிட்ட ஓர் அறிக்கையின் அடியில் இருந்த ஒரு முகவரியை வைத்து ஊகித்தேன். நிர்வாக இயக்குநர், தரத்துக்குத் தலைமை வகிப்பவர், சர்வீஸ் தலைவர் எல்லாருக்கும் அனுப்பினேன். சிலது திரும்பி வந்தது, சிலது வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பதிவுத் தபாலிலும், ஒப்புகை அட்டையோடு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். தபால் ஆபீசில் இருந்த அம்மா உறைகளின் மேல் இருந்த பதவிகளைப் படித்துவிட்டு, யாருக்காவது வேலை கேட்டு எழுதுகிறீர்களா என்று கேட்டார். ஒருவருடைய வேலையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்றேன்.

நான்காம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினார். மரியாதையான ஆங்கிலம். மன்னிப்புக் கேட்டார். புது மெஷின், இதைவிடப் பெரியது, உடனே அனுப்புகிறோம் என்றார். பழையதை இன்றே எடுத்துக்கொள்கிறோம் என்பதை இரண்டு முறை சொன்னார். பிறகு, சம்பந்தப்பட்ட ஊழியர்மேல் நடவடிக்கை எடுத்தாகிவிட்டது, வேலையிலிருந்து நீக்கிவிட்டோம் என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. மேனேஜரையா என்று கேட்டேன். இல்லை, வந்து பார்த்த மெக்கானிக்கை என்றார். மேனேஜருக்கு அறிவுரை வழங்கப்பட்டிருக்கிறதாம்.

பழைய மெஷினை எடுக்க யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். கல்லை எறிந்தவள் நான். அது போய் விழுந்த இடம் வேறு. அன்று முழுவதும், அவர் பொய்தானே எழுதினார், அவருக்கு இது வேண்டியதுதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். முழுதாக ஒட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வந்தார். பைக்கை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்டருகில் நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து என் கணவர் வேகமாக வெளியே வந்தார்.

"என் நம்பர நீங்கதான் எழுதுனீங்களா மேடம்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"எழுதுனது சரிதான். நான் கண்ணால பாத்துட்டுத்தான மூடுனேன். எங்கூட்லயும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு." சட்டைப் பைக்குள் கை விட்டார். "ஆனா நானா மூடல. அதை மட்டும் நீங்க தெரிஞ்சுக்கணும்."

போனை எடுத்துக் காட்டினார். மெக்கானிக்குகள் எல்லாரும் இருக்கும் வாட்ஸாப் குழுவில் மேனேஜர் போட்ட செய்தி. நாங்கள் மெஷின் வாங்கிய சில வாரங்களிலேயே போட்டது. இந்த மாடலில் ஷாக் என்று யார் புகார் செய்தாலும் வீட்டு எர்த்திங் என்று எழுதி அன்றே முடித்துவிடுங்கள், பாகம் எதுவும் மாற்ற வேண்டாம், என்னிடம் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம் என்று இருந்தது. அடியில் வரிசையாகக் கட்டைவிரல்கள். அவருடையதும் ஒன்று.

ஆக அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. என் மகள் விழுவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் பயந்த சுபாவமோ என்று கேட்டிருக்கிறார். அதுவரை எனக்கு இருந்தது கோபம். அன்றைக்கு வந்தது வேறு. அது சூடாக இல்லை. ரொம்பத் தெளிவாக இருந்தது.

அந்தச் செய்தியை எனக்கு அனுப்பச் சொன்னேன். உங்கள் பெயர் வெளியே வரும், பரவாயில்லையா என்று கேட்டேன். இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது என்றார். என் கணவர் டீ கொண்டுவந்து கொடுத்தார். கேட்டுக்கு வெளியே நின்றே குடித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது கடிதம் ரொம்பச் சிறியது. அந்தச் செய்தியின் படம். கீழே நான்கு வரி: மெஷின் என் வீட்டில் இருந்தபடியே இருக்கிறது, யாரையும் தொட விடவில்லை. மாற்று மெஷின் வேண்டாம். இந்தச் செய்தியை எழுதியவர், அவருக்கு மேலே உள்ள ஒருவரோடு, என் வீட்டுக்கு வர வேண்டும். பதினைந்து நாளில் வராவிட்டால் இதை நுகர்வோர் ஆணையத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் அனுப்புவேன்.

ஆறாம் நாளே வந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து தரப் பிரிவுத் தலைவர், நரைத்த தலை, அதிகம் பேசாதவர், கூடவே மேனேஜர். நான் கற்பனை செய்திருந்ததைவிட இளையவர். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. கையில் பழக்கூடை. வீட்டு ஓனர் விஷயம் தெரிந்து மாடியிலிருந்து நாற்காலியோடு இறங்கி வந்து, யாரும் கேட்காமலே சலவை இடத்து வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

மேனேஜர் என் கணவரைப் பார்த்துக் கை கூப்பி, "அண்ணே, நடந்தது நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தார். என் கணவர், "எங்கிட்ட எதுக்கு சார்? டெக்னிக்கல் சமாச்சாரமெல்லாம் அவகிட்டப் பேசுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் கணவர் தம் கணக்கை அடைத்துவிட்டார்.

அவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போனேன். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, மெக்கானிக் ஒட்டிய டேப்பை நான் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தேன். ஒயர் பழையபடி உள்ளே தகட்டு விளிம்பில் ஒட்டிக் கிடந்தது. தரை ஈரமாக இருந்தது, வேண்டுமென்றேதான் ஈரமாக்கியிருந்தேன். என் கணவரை மெயின் சுவிட்ச் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தேன். பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டேன். மெஷினில் விளக்கு எரிந்தது.

"சார், மெஷின்ல குறை இல்லன்னு எழுதியிருக்கீங்க" என்றேன். "செருப்பக் கழட்டிட்டு இங்க வந்து நில்லுங்க. ஒரு கையால இந்தக் குழாயப் பிடிங்க. இன்னொரு கையால மெஷினத் தொடுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"வீட்டு எர்த்திங்தான் பிரச்சினைன்னா, அளந்து காட்டுறேன். கருவி இங்கதான் இருக்கு. லேசாத்தான் அடிக்கும்னு நீங்கதான சொன்னீங்க. தொடுங்க சார்."

அவர் செருப்பைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. மேலதிகாரி பார்க்கிறார் என்பதாலோ, ஒரு பெண் சொல்லிப் பின்வாங்குவதா என்பதாலோ. ஈரத்தில் கால் வைத்தார். இடது கை குழாய்க்குப் போனது. வலது கை பாதி தூரம் வந்து அந்தரத்தில் நின்றது. விரல்கள் நடுங்கியதைப் பார்த்தேன். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

"தொடாதீங்க."

சொன்னவர் தரப் பிரிவுத் தலைவர். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேனேஜர் கையை இழுத்துக்கொண்டார். கம்பெனியின் வாயிலிருந்தே அந்த ஒரு சொல் வந்துவிட்டது. எனக்கு வேண்டிய ஒப்புதல் அதுதான்.

அவர் தொட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று என் கணவர் பிற்பாடு கேட்டார். மெயினை அணைக்கச் சொல்லியிருப்பேன் என்றேன். எந்த நொடியில் சொல்லியிருப்பாய் என்று அவர் கேட்கவில்லை.

தரப் பிரிவுத் தலைவர் பிளக்கைத் தம் கையாலேயே பிடுங்கினார். சட்டைக் கையை மடித்துவிட்டு மண்டியிட்டு, திருகைக் கழற்றி, அதன் அடியில் இருந்த பெயின்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து, இன்னொரு மெஷின் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மத்திகிரி என்றேன்.

மேனேஜரிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். வீட்டு எர்த்திங் சரியாக இருக்கிறது, குறை மெஷினில்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் மேலதிகாரியைப் பார்த்தார். மேலதிகாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டதும் மேனேஜர் எழுதினார். வீட்டு ஓனர் அந்தத் தாளை வாங்கி, தமக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்பதால், ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாக வாசித்தார். அதை நான் ஏற்பாடு செய்யவில்லை. ஆனால் அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றியிருக்காது. "அப்போ என் ஊட்டு எர்த்து நல்லாக்கீதுன்னு ஒத்துக்கினீங்க" என்று முடித்தார்.

மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். மேனேஜர் அவளிடம், "சாரிம்மா" என்றார். அவள் அவரைப் பார்த்தாள், பழக்கூடையைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன். பிறகு கேட்டபோது, "அவர் கை நடுங்குச்சும்மா. எனக்குப் பாக்கவே பிடிக்கல" என்றாள். என் பழி என் பெண்ணுக்கு இனிக்கவில்லை. எனக்கு இனித்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இன்றும் பேசாமல் கிடக்கிறது.

மெக்கானிக்கைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று தரப் பிரிவுத் தலைவரிடம் தனியாகச் சொன்னேன். முயல்வதாகச் சொன்னார், அதன்படியே இரண்டு வாரத்தில் கடிதமும் போனதாம். மெக்கானிக் திரும்பப் போகவில்லை. தளி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சொந்தமாக மிக்சி, மோட்டார் ரிப்பேர்க் கடை போட்டுவிட்டார். எனக்கு நன்றி சொல்லவுமில்லை, குறைபட்டுக்கொள்ளவுமில்லை. போனில் கேட்டபோது, இங்கே நான் யாரிடமும் ஓடிபி கேட்க வேண்டியதில்லை என்றார்.

அந்த மாடல் வாங்கிய எல்லாருக்கும் 'இலவசப் பாதுகாப்புப் பரிசோதனை' என்று குறுஞ்செய்தி போனது. ஏன் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. எங்கள் பக்கத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி என்று வீடு வீடாக ஆட்கள் போனார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மேனேஜரும் கூடவே போக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதைத் தோழி சொன்ன அன்றே, அவள் வீட்டுக்கு எந்த நாளில் வருகிறார்கள் என்று கேட்டு, அன்றைக்கு அரை நாள் லீவு போட்டேன்.

அவர் மத்திகிரி வீட்டுக்குள் நுழைந்தபோது நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி வாசலிலேயே நின்றுவிட்டார். இஸ்திரிச் சட்டை இல்லை. காலையிலிருந்து எத்தனை வீடு ஏறி இறங்கினாரோ, முகம் கறுத்திருந்தது. கூட வந்த ஆள் தகட்டைக் கழற்ற, இவர் மண்டியிட்டு டார்ச் பிடித்தார். உப்புத்தாளால் பெயின்டைத் தேய்த்தார்கள். திருகை மறுபடி முறுக்கினார்கள்.

"மீட்டர் வச்சுப் பாருங்க" என்றேன்.

அவரே வைத்தார். 'பீப்' என்றது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் என்ன மேடம் வேணும் உங்களுக்கு?" குரலில் வெண்ணெய் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

யோசித்தேன். கேட்க ஏதாவது இருக்கும் என்று நினைத்துத்தான் லீவு போட்டு வந்திருந்தேன். "இன்னொரு தரம் வச்சுப் பாருங்க" என்றேன். "வேற எடத்துல."

அவர் மறுபடி மண்டியிட்டார்.